பெரட்டில் பெயர் இல்லாதவனுக்கும் ஒரு செய்தி

(உலு யாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலு யாம் சின்ன ஊர்தான். ஆனால் பத்தாங் காலியிலிருந்தும் ராசாவிலிருந்தும் செரண்டாவிலிருந்தும் வந்து மண்டபத்தை நிறைத்துவிட்டீர்கள். கோல சிலாங்கூர்ப் பக்கமிருந்து, புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று வேன் பிடித்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ தாத்தாவோ பாட்டியோ பால்மரம் வெட்டியவர்கள். அதனால் இன்று தோட்டத்து மொழியிலேயே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு இதுதான்: கிறிஸ்துவின் நற்செய்தி என்றால் என்ன? அது எதற்காக?

"ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறோம், இதுகூடத் தெரியாதா?" என்று நினைப்பீர்கள். தெரியுமா? பக்கத்து வீட்டு அண்ணன் வேலியோரம் நின்று, "ஏம்ப்பா, சுவிசேஷம் சுவிசேஷம் என்கிறீர்களே, அது என்ன?" என்று கேட்டால் பதில் வந்துவிடுமா? ஒருவர் சொல்வார்: செத்த பிறகு பரலோகம் போக வழி. இன்னொருவர் சொல்வார்: நல்லவனாக வாழச் சொல்லும் போதனை. மூன்றாமவர் சொல்வார்: விசுவாசித்தால் வியாதி தீரும், வியாபாரம் பெருகும், கார் வரும், வீடு வரும். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அண்ணனோ மனசுக்குள் நினைத்துக்கொள்வார்: என்னை மதம் மாற்றப் பார்க்கிறார்கள்.

நாலு பேர், நாலு பதில். முதல் பதில் பாதி உண்மை. இரண்டாவது பதிலுக்குக் கிறிஸ்து தேவையில்லை. நல்லவனாக வாழத் திருக்குறளே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. மூன்றாவது பதில் வியாபாரம். நான்காவது, நாம் நடந்துகொண்ட விதத்தால் நாமே சம்பாதித்துக்கொண்ட கெட்ட பெயர். அப்படியானால் சரியான பதில் எது?

நற்செய்தி முதலில் ஒரு செய்தி. எங்கோ, எப்போதோ, உண்மையாக நடந்துவிட்ட ஒன்றைப் பற்றிய செய்தி. நடந்தது அங்கே, மாறுவது இங்கே.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் குடும்பங்களிலிருந்தே சொல்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில், 1942க்கும் 43க்கும் இடையில், தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஆசை காட்டியும் அதட்டியும் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1945 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜப்பானியச் சக்கரவர்த்தி சரணடைவதை வானொலியில் அறிவித்தார். ஆங்கிலேயப் படை நம் மோரிப் கடற்கரையில் இறங்கியது செப்டம்பர் 9ஆம் தேதி. நடுவில் மூன்று வாரத்துக்கு மேல்! யுத்தம் முடிந்துவிட்டது. ஆனால் சயாம் காட்டுக் குடிசையில் காய்ச்சலோடு கிடந்தவனுக்கு அது தெரியுமா? எவனாவது ஒருவன் வந்து, "அண்ணே, முடிஞ்சு போச்சு, ஜப்பான்காரன் தோத்துட்டான்" என்று சொன்ன அந்த நிமிடம் என்ன நடந்தது? காய்ச்சல் அப்படியே இருந்தது. கால் புண் அப்படியே இருந்தது. ஆனால் அவன் கைதி இல்லை. இனி காவல்காரனைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. வீட்டுக்கு நடக்கலாம்.

நற்செய்தி அந்த வகையைச் சேர்ந்தது. "நீ போய் யுத்தம் செய்து ஜெயித்து வா" என்று அது சொல்லவில்லை. "ஜெயித்தாகிவிட்டது, எழுந்து வா" என்கிறது.

என்ன நடந்தது? பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதும்போது அதை நாலே விஷயமாகச் சுருக்கிவிட்டார். நம் பாவங்களுக்காகக் கிறிஸ்து மரித்தார். அடக்கம் பண்ணப்பட்டார். மூன்றாம் நாள் எழுந்தார். ஆட்கள் அவரைக் கண்டார்கள். அவ்வளவுதான்! கண்டவர்கள் யார் யார் என்று வரிசையாகச் சொல்கிறார். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். அதாவது, சந்தேகமிருந்தால் போய்க் கேட்டுக்கொள்! இந்தச் சுருக்கத்தில் நீங்கள் செய்ய வேண்டியது என்று ஒரு வரி உண்டா? இல்லை. எல்லாம் அவர் செய்து முடித்தது.

சரி, இந்தச் செய்தி யாருக்கு? இயேசு தம் சொந்த ஊரான நாசரேத்தில், ஜெப ஆலயத்தில், ஏசாயாவின் ஏட்டை விரித்து வாசித்தார். ஏழைகளுக்கு நல்ல செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, குருடருக்குப் பார்வை, நொறுக்கப்பட்டவர்களுக்கு நிமிர்வு. இது இன்றே நிறைவேறியது என்றார். ஊரே மெச்சியது. நம்ம தச்சர் மகன் எவ்வளவு அழகாகப் பேசுகிறான்! அடுத்து என்ன சொன்னார்? பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி போனது நம் ஊர் விதவையிடம் இல்லை, சீதோன் நாட்டு விதவையிடம். எலிசாவின் காலத்தில் குஷ்டம் நீங்கியது நம் ஆளுக்கு இல்லை, சீரியாக்காரன் நாகமானுக்கு. இவ்வளவுதான் சொன்னார். மெச்சிய அதே கூட்டம் அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று.

கவனித்தீர்களா? ஏழைக்கு நல்ல செய்தி என்றபோது கோபம் வரவில்லை. "உனக்கு மட்டும் இல்லை, அவனுக்கும்" என்றபோதுதான் வந்தது. நற்செய்தி எல்லாருக்கும் இனிப்பது போலத் தோன்றும். பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறது என்று பார்த்த பிறகுதான் பலருக்குக் கசக்கிறது.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். இயேசு சொன்ன ஓர் உவமை. அதுவும் ஒரு தோட்டத்துக் கதைதான். விடியற்காலையில் தோட்டக்காரர் சந்தைக்குப் போய் ஆள் பிடிக்கிறார். ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று பேச்சு. ஒன்பது மணிக்குப் போகிறார், இன்னும் சிலர். பன்னிரண்டு மணிக்குப் போகிறார். மூன்று மணிக்குப் போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் போகிறார். அங்கே சில பேர் சும்மா நிற்கிறார்கள். "ஏன் நாள் முழுக்க நிற்கிறீர்கள்?" "எங்களை யாரும் கூப்பிடவில்லை ஐயா."

யாரும் கூப்பிடவில்லை! யாரைக் கூப்பிட மாட்டார்கள்? உங்களுக்குத் தெரியும். இருட்டு விலகுமுன் பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுக்கும் வரிசைக்கு, நின்ற நம் பாட்டன்மாருக்குத் தெரியும். தோட்டத்துக் கணக்கரான கிராணி கையில் செக்ரோல் என்ற பெயர்ப் பட்டியல். பெயர் கூப்பிட்டால் கூலி, கூப்பிடாவிட்டால் இல்லை. கால் நொண்டியவன், இருமுகிறவன், வயசானவன், கைக்குழந்தைக்காரி, இவர்கள்தான் கடைசியில் நிற்பார்கள்.

சாயங்காலம் கூலி கொடுக்கிறார்கள். கடைசியில் வந்தவனிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரம் வேலை செய்தவன் கையில் முழு ஒரு பணம்! விடியற்காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவன் மனக்கணக்குப் போடுகிறான்: அவனுக்கே ஒன்று என்றால் எனக்கு? அவனுக்கும் ஒன்றுதான். முணுமுணுப்பு எழுகிறது. என்ன முணுமுணுப்பு? எங்களுக்குக் குறைத்துவிட்டாய் என்றா? இல்லை. அவனை எங்களுக்குச் சமமாக்கிவிட்டாய் என்று! அதுதான் குற்றச்சாட்டு.

இந்த உவமையை நம் வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1920களின் கடைசியில் இந்தத் தோட்டங்களில் பேசப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே கத்தி, அதே மங்கு, அதே வாளி. உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்ததும் அந்தக் காசும் குறைந்தது. வேண்டாத ஆளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு விலை, விலை விழுந்தால் ஆள் வேண்டாம். அந்த உலகத்தின் கணக்கு அது. உவமையில் வரும் தோட்டக்காரர் கணக்கு வேறு. இவன் எவ்வளவு நேரம் வெட்டினான் என்று அவர் பார்க்கவில்லை. இவன் வீட்டு அடுப்பு எரிய எவ்வளவு வேண்டும் என்று பார்த்தார். ஒரு நாள் கூலி என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோறு. அதில் பாதி கொடுத்தால் பிள்ளைகள் பாதி வயிறுதான்.

கடவுள் செக்ரோல் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. இதுதான் நற்செய்தி. பெரட்டில் பெயர் இல்லாதவனையும் அவர் தேடிப் போகிறார், ஐந்து தடவை போகிறார். அவருடைய அன்பு கூலியாக வருவதில்லை. அது அவர் கொடை.

உடனே ஒரு கேள்வி வரும். "எல்லாம் இலவசம் என்றால் யாரும் எப்படியும் வாழலாமே?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சகேயு.

சகேயு யார்? எரிகோவில் வரி வசூலித்தவன். ரோமனுக்குக் கட்ட வேண்டியதை வசூலித்து, மேலே தன் பங்கையும் பிடுங்கியவன். நம் மொழியில் சொன்னால், ஒரு கெட்ட கங்காணி. கங்காணிமார்களை எல்லாம் நான் பழிக்கவில்லை. கோயில் கட்டியவர்கள் உண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பாடுபட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த முறை எப்படி இருந்தது? சொந்த கிராமத்துக்கே போய், முன்பணம் கொடுத்து, கப்பலேற்றி, இங்கே வேலைக்கு நின்ற ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு வாங்கியவர் கங்காணி. சொந்த ஜனத்தின் வியர்வையில் பங்கு வாங்கினால்தான் அந்த முறை ஓடும். சகேயுவும் அப்படித்தான். ஊர் அவனை வெறுத்தது. வெறுத்ததில் நியாயமும் இருந்தது.

இயேசு என்ன செய்தார்? தம்மைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தவனை நிமிர்ந்து பார்த்து, இறங்கி வா, இன்று உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். வாங்கியதைத் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று சொன்னாரா? இல்லை. முதலில் வந்தார். வந்த பிறகு சகேயு எழுந்து நின்றான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு; ஏமாற்றி வாங்கியது எதுவோ அதற்கு நாலு மடங்கு திருப்பி. யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. மன்னிப்பு வீட்டுக்குள் வந்ததும் கணக்குப் புத்தகம் தானே திறந்துகொண்டது!

நற்செய்தியின் இரண்டாவது கேள்விக்கு, எதற்காக என்ற கேள்விக்கு, இங்கே முதல் பதில் கிடைக்கிறது. மனிதனை மாற்ற. நசுக்கப்பட்டவனை மட்டும் இல்லை; நசுக்கியவனையும்.

துரையும் கங்காணியும் மட்டும்தான் பாவிகள் என்று யாரும் நிம்மதியாக உட்கார வேண்டாம். நம் வரிசை வீடுகளான லயத்துக்குள் என்ன நடந்தது? சம்பள நாள் சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் குடும்பத்தின் அரிசி போயிற்று. குடித்துவிட்டு வந்து அடித்தது துரையா? அடுத்த வீட்டுக்காரன் என்ன சாதி என்று விசாரித்தது துரையா? தங்கச்சியோடு பத்து வருஷமாகப் பேசாமல் இருப்பது எந்தத் துரை சொல்லி? பாவம் என்பது நம்மை ஆள்கிறவனிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. அதனால்தான் சிலுவை எல்லாருக்கும் தேவைப்பட்டது.

சிலுவையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று அதைத் தங்கத்தில் செய்து கழுத்தில் போடுகிறோம். அன்று அது ரோம சாம்ராஜ்யம் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. "கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் மதம்" என்று சொல்லும் நண்பர்களுக்கு அன்போடு சொல்கிறேன்: எந்தச் சாம்ராஜ்யத்துக்கும் அவர் ஆள் இல்லை. ஒரு சாம்ராஜ்யம்தான் அவரைக் கொன்றது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது 1714, 15ஆம் ஆண்டுகளில், தரங்கம்பாடியில், மிஷனரி சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தில். ஆரோன் என்ற தமிழர் அங்கே போதகராக அபிஷேகம் பெற்றது 1733இல். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோ 1813 வரை மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் தாராளமாக விடவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று பயந்தது. அதே சமயம், உண்மையை மறைக்கவும் கூடாது. ஞாயிறு காலை ஆலயத்தில் முழங்கால் போட்ட துரை திங்கள் காலை பெரட்டில் என்ன செய்தார் என்பதும் வரலாறுதான். செய்தியைக் கையில் வைத்திருந்தவர் எல்லாரும் அதைக் கேட்டவர்கள் இல்லை.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பத்தாங் காலி. 1948 டிசம்பர் 11, 12ஆம் தேதிகளில், ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதம் இல்லாத சீனத் தொழிலாளர்கள் 24 பேரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றார்கள் என்று அறிக்கை எழுதினார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015இல் அந்த நீதிமன்றமும் விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று சொல்லிவிட்டது. இந்த மண்ணில் நின்றுகொண்டு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. இயேசுவுக்கும் தீர்ப்பு எழுதினார்கள். கல்லறைக்கு முத்திரை வைத்தார்கள். கோப்பை மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் கடவுள் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். உயிர்த்தெழுதல் என்றால் அதுதான் பொருள். கொன்றவன் எழுதும் அறிக்கை கடைசி அறிக்கை இல்லை.

அந்தச் செய்தியை முதலில் சுமந்து ஓடியவர் யார்? பேதுருவா? யோவானா? மகதலேனா மரியாளும் அவளோடு போன பெண்களும். பெண் சாட்சிக்கு மதிப்பில்லாத காலம் அது. சீடர்களே நம்பவில்லை, பிதற்றல் என்றார்கள். உலகத்தின் மிகப் பெரிய செய்தியை, உலகம் நம்பாத வாயில் கடவுள் வைத்தார்! தாய்மார்களே, 50 காசு வேலைக்கு 40 காசு வாங்கிய உங்கள் பாட்டிமார்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளாப்பில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்கு ஓடிய அந்தப் பெண்கள் சுமந்த விசுவாசத்தில்தான் தோட்டத்துச் சபைகள் நின்றன. சபையில் பெண்ணுக்கு வேலை சமையல்கட்டில் மட்டும்தான் என்று நினைப்பவர்கள், கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய்வரட்டும்.

எதற்காக என்ற கேள்விக்கு இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். நற்செய்தி மனிதனை மாற்றுவதோடு நிற்பதில்லை. ஒரு புதிய பந்தியை உண்டாக்குகிறது.

சிறையிலிருந்த பவுல் பிலேமோனுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். எஜமான் பிலேமோன், அவனிடமிருந்து பிரிந்து வந்துவிட்ட அடிமை ஒநேசிமு. ஒநேசிமுவைத் திருப்பி அனுப்புகிறார் பவுல். எப்படி? இனி அடிமையாக ஏற்காதே, சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுது என்கிறார். ஒப்பந்தக் கூலிகள் ஓடிப்போனால் சிறை என்று சட்டம் வைத்திருந்த காலத்தில் நம் முன்னோர் வாழ்ந்தார்கள். இந்திய ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல்தான் நிறுத்தப்பட்டது. கடன் சீட்டு ஒரு மனிதனை எப்படிக் கட்டும் என்று நமக்குத் தெரியும். "என் கணக்கில் எழுது!" சிலுவையில் கிறிஸ்து சொன்னதும் அதுதானே?

இந்தப் புதிய பந்தியை நாம் சரியாக நடத்தினோமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் சுற்றறிக்கை விட்டார். தமிழ்ச் சபைகளில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய ஆலயம், சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கூடமாகவே எழும்பியது. பீடம் ஒன்று, ஜனம் இரண்டு! அந்தப் பிரிவுச் சுவர் இடிந்தது 1910இல். கப்பலேறி வந்த நாம் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோமா? கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்த தூரம் ஆலயத்துக்குள் வரவில்லையா? நாற்காலி யாருக்கு, பெஞ்சு யாருக்கு என்பதில் அது தெரியவில்லையா? இன்றும் கல்யாணப் பேச்சு வந்தால், ஞானஸ்நானச் சான்றிதழுக்குப் பின்னால் இன்னொரு சான்றிதழைத் தேடுகிறவர்கள் நம்மிடம் இல்லையா?

ஒரே அப்பத்தில் பங்கு வாங்கிவிட்டு, ஒரே இலையில் உட்கார மறுப்பவன் நற்செய்தியைக் கேட்டவன் இல்லை. ஓசையைக் கேட்டவன்.

மூன்றாவது பதில். நற்செய்தி சபைச் சுவருக்குள்ளும் நிற்பதில்லை. வெளியே போகிறது. 1739 ஏப்ரலில் ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி பிரிஸ்டல் பக்கத்தில் வெட்ட வெளியில் நின்று பேசினார். ஆலயப் படி மிதிக்காத நிலக்கரித் தொழிலாளர்கள் கேட்டார்கள். அவர் சாவதற்குச் சில நாட்களுக்கு முன், 1791 பிப்ரவரியில், எழுதிய கடிதம் ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு. அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் வேலையை விடாதே என்று. நம் பக்கம் வந்தால், தீனபந்து சி. எஃப். ஆண்ட்ரூஸ். பிஜித் தீவு வரை போய் ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமையை உலகுக்குச் சொன்னவர். 1924இல் மலாயாவுக்கும் வந்து தோட்டத் தமிழர்களைப் பார்த்தார். அவருக்கு நற்செய்தி என்பது மேடைப் பேச்சு இல்லை. கூலிக்காரன் வீட்டு வாசலுக்கு நடந்து போவது.

இன்னொரு நிகழ்ச்சி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலை நிறுத்தம். ஆர். எச். நாதன் முன்னின்றார். சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்று கேட்டார்கள். சிப்பாய்களை வரவழைத்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். அது கிறிஸ்தவர்கள் எழுதிய கோரிக்கைப் பட்டியல் இல்லை. ஆனாலும் வாசித்துப் பாருங்கள்: நொறுக்கப்பட்டவன் நிமிர வேண்டும், பிள்ளை பிழைக்க வேண்டும், குடியிலிருந்து குடும்பம் மீள வேண்டும். நாசரேத்தில் இயேசு விரித்த ஏட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! கடவுள் விரும்புவதை வேறொருவர் வாயால் கேட்கும்போது சபை வெட்கப்படலாம். ஆனால் காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது.

இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். அப்படியா? தென்னமராம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோனியர் என்ற பிரெஞ்சுத் துரை செம்பனையை நட்டார். இந்த நாட்டில் வணிகத்துக்காக நட்ட முதல் செம்பனைத் தோட்டம் அது. பின்னால் பால்மரம் போயிற்று, செம்பனை வந்தது. அதற்கும் பின்னால் வீட்டு மனை வந்தது, லயம் போயிற்று. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டத்து ஜனங்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் விட்டு அடுக்குமாடிக்குப் போன பிள்ளைகளில் சிலர் குண்டர் கும்பலுக்குப் போனார்கள், போதைக்குப் போனார்கள். பள்ளியைப் பாதியில் விட்டார்கள். கள்ளுக்கடை போய் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி எது? "சாகும்போது பரலோகம் உண்டு" என்பது மட்டும் போதுமா? "காணிக்கை போடு, கார் வரும்" என்று சொல்லலாமா? சொன்னால் அது நற்செய்தியா, லாட்டரிச் சீட்டா?

மிஞ்சிய பழைய லயங்களில் இன்று யார் இருக்கிறார்கள்? வங்காளதேசத்துப் பையன், நேப்பாளத்துப் பையன், இந்தோனேசியக் குடும்பம். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். கடப்பிதழ் இன்னொருவர் கையில் இருப்பவர்கள். நாம் எப்படி வந்தோமோ அப்படி வந்தவர்கள். அவர்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் தமிழனைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நூறு வருஷத்துக்குள் மறந்துவிட்டோமா?

என் இந்து சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் அண்ணன் கோயிலுக்குப் போவார், தம்பி ஆலயத்துக்குப் போவார்; அம்மா இரண்டு வீட்டுக்கும் சோறு ஆக்கிப் போடுவார். எங்களில் சிலர் உங்கள் தெய்வங்களைப் பழித்தும், துக்க வீட்டில் பிரசங்கம் செய்தும், உதவிக்குக் கைம்மாறாகப் பெயர் மாற்றச் சொல்லியும் உங்களைப் புண்படுத்தியிருக்கிறார்கள். அது தவறு. நல்ல செய்தியைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. கேட்காமல் இருக்க உங்களுக்கும் உரிமை உண்டு. பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கு அவன் என்ன மதம் என்று கேட்கும் சபை, தோட்டக்கார உவமையை மறுபடி படிக்கட்டும்.

முடிக்கிறேன். நற்செய்தி என்றால் என்ன? கிறிஸ்து நமக்காக மரித்து எழுந்தார், நம் கடனைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார் என்ற செய்தி. அது எதற்காக? மனிதன் மாற, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார, விழுந்தவன் எழுந்து நிற்க.

உலு யாம் சபையாரே, சுற்று வட்டாரத்துச் சபையாரே, இதைக் கேட்டுவிட்டுக் கைதட்டிவிட்டுப் போகாதீர்கள். பேசாமல் இருக்கும் உறவோடு இந்த வாரமே பேசுங்கள். உங்கள் ஆலயத்தில் ஓர் அறையைத் திறந்து, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். லயத்தில் இருக்கும் அந்த வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் என்றால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பெரட்டில் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் வந்தார். நாமும் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடப் போக வேண்டும். அதைச் செய்யாத சபைக்கு நற்செய்தியைப் பிரசங்கிக்கும் அருகதை இல்லை.